ரன்னிமீட் முதல் ரைன் வரை: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: 14 அக்டோபர் 2025, செவ்வாய்க்கிழமை. ரன்னிமீட்

இந்த ஆண்டு முழுவதும் லண்டனில் யாருடைய வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பேச்சு டிரம்பில் தொடங்கி பிரசெல்ஸில் முடிகிறது, அல்லது பிரசெல்ஸில் தொடங்கி டிரம்பில் முடிகிறது. அலுவலகத்து ஆங்கிலேய நண்பர்களிடமும் இதே கதைதான். அந்தப் பேச்சின் தொனி யாழ்ப்பாணத்துக்காரனான எனக்கு நன்கு பழக்கமானது: வேலிப் பொட்டுக்குள்ளால் அயல் வீட்டுச் சண்டையைப் பார்த்துக்கொண்டு, நல்லவேளை நமது முற்றத்தில் இது இல்லை என்று சொல்லும் தொனி. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் என்ற அந்த இரண்டு அயல் வீடுகளின் காணி உறுதிப் பத்திரங்களிலும் பிரித்தானியாவின் கையெழுத்து எவ்வளவு கிடக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வாட்டர்லூ நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எகம் வந்துவிடுகிறது. அங்கிருந்து ஆற்றை நோக்கி நடக்க வேண்டும். ரன்னிமீட் என்பது தேம்ஸ் கரையோரத்து ஈரப் புல்வெளி. 1215 ஜூன் 15ஆம் திகதி ஜான் மன்னர் தம் பிரபுக்களின் நெருக்குதலுக்கு அடங்கி, மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு இணங்கியது இந்த வெளியில்தான். பத்து வாரங்களுக்குள் போப்பாண்டவர் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார் என்பதை எங்கள் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் சொல்லித்தரவில்லை. மேட்டின் அடியில், தூண்கள் தாங்கும் சிறிய வட்ட மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே நிற்கும் கருங்கல்லில், சட்டத்துக்கு உட்பட்ட சுதந்திரத்தின் அடையாளம் என்று மாக்னா கார்ட்டாவைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மண்டபத்தை எழுப்பியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். 1957இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் எழுப்பியது.

அதற்குச் சற்று அப்பால், மரங்களுக்கு நடுவே ஐம்பது கற்படிகள் மேலே ஏறுகின்றன. உச்சியில் ஜான் கென்னடியின் நினைவுக்கல். அவர் கொல்லப்பட்ட பிறகு பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, இந்த ஓர் ஏக்கர் நிலத்தை அமெரிக்காவுக்கே எழுதிக் கொடுத்தது. 1965இல் இரண்டாம் எலிசபெத் அரசி அதைத் திறந்து வைத்தார். ஆக, ஆங்கில அரசாட்சிக்கு முதல் கடிவாளம் பூட்டப்பட்ட இடத்திலேயே அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் கிடக்கிறது.

மாக்னா கார்ட்டாவின் 12ஆவது பிரிவு, நாட்டின் பொதுவான ஆலோசனை இன்றி மன்னர் சிறப்பு வரி விதிக்கலாகாது என்றது. பின்னர் வந்த பதிப்புகளில் அந்தப் பிரிவு விடுபட்டுப் போனது உண்மை. ஆயினும் வரி விதிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அட்லாண்டிக்கைத் தாண்டி, அங்கே ஒரு புரட்சியாகவே வெடித்தது. இன்று அதே கேள்வி வாஷிங்டனில் வழக்காக நிற்கிறது. 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம் ஒன்றைக் காட்டி, காங்கிரஸின் வாக்கெடுப்பு இன்றி உலக நாடுகள் மீது ஜனாதிபதி டிரம்ப் இறக்குமதி வரி விதித்தது சரியா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நவம்பர் 5ஆம் திகதி கேட்கப் போகிறது. கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த வழக்கைப் பற்றிப் பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் விஸ்கி விலையையும் கார் ஏற்றுமதியையும் சுற்றியே இருக்கிறது. எண்ணூறு ஆண்டுப் பழைய தம் சொந்த வழக்கு வேற்று ஊரில் மீண்டும் விசாரிக்கப்படுவதாக யாரும் எழுதியதை நான் காணவில்லை.

நாயோடு உலாவ வந்த ஓர் அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரன்னிமீட்டில் நின்றால் வின்சர் அதிக தூரமில்லை. கடந்த மாதம் 17ஆம் திகதி அங்கேதான் டிரம்புக்கு இரண்டாவது அரச வரவேற்பு நடந்தது. எந்த அமெரிக்க ஜனாதிபதிக்கும் முன்பு இரு முறை அது கிடைத்ததில்லை. குதிரை வண்டி ஊர்வலம் பொதுத் தெருவுக்கு வராமல் கோட்டை வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. “ஐரோப்பியர்களுக்கு 15 சதவீத வரி, நமக்கு 10, ஒரு விருந்துச் செலவில் அது அப்படியே நிலைத்தால் மலிவுதான்” என்றார் அவர். கணக்கு பிழையில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்த 15 சதவீதம் முடிவானது எங்கே என்பதும் கவனிக்கத்தக்கது. ஜூலை 27ஆம் திகதி ஒன்றியத்தின் ஆணையத் தலைவர் உர்சுலா வொன் டெர் லேயன் பறந்து வந்து கைகுலுக்கியது ஸ்காட்லாந்தில், டிரம்புக்குச் சொந்தமான டர்ன்பெரி கோல்ஃப் விடுதியில். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாட்டின் மண்ணிலேயே ஒன்றியம் தலை குனிய நேர்ந்தது. அந்தக் காட்சியில் பிரித்தானியாவுக்கும் எவ்வளவு சிறிய இடம் இருந்தது என்பதை இங்கே பலர் கண்டுகொள்ளவே இல்லை.

திரும்பும்போது தொடருந்தில் செய்தி படித்தேன். செலவுக்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்காததால் அமெரிக்க மத்திய அரசின் பணிகள் முடங்கி இன்றோடு இரண்டு வாரம். இது ஆங்கிலேயருக்கு எளிதில் விளங்காத ஒன்று. இங்கே அரசின் செலவுக்குப் பாராளுமன்றம் பணம் தர மறுத்தால் அந்த அரசு வீழும், தேர்தல் வரும். 1909இல் பிரபுக்கள் சபை வரவு செலவுத் திட்டத்தை நிராகரித்ததன் பலனாக இரு தேர்தல்கள் நடந்து, கடைசியில் அந்தச் சபையின் பல்லே பிடுங்கப்பட்டது. அமெரிக்காவிலோ யாரும் வீழ்வதில்லை. சம்பளம் மட்டும் நின்றுபோகிறது.

இரண்டாம் நாள்: 15 அக்டோபர், புதன்கிழமை. பாஸ்டன், லிங்கன்ஷயர்

இங்கே குறிப்பிடும் பாஸ்டன் மூலப் பிரதி. மாசசூசெட்ஸில் உள்ளது அதன் நகல். கிங்ஸ் கிராஸில் ஏறி, கிராண்டமில் இறங்கி, ஸ்கெக்னஸ் போகும் சிறு தொடருந்துக்கு மாற வேண்டும். கிராண்டம் மார்கரெட் தட்சர் பிறந்த ஊர். 1975இன் முதல் வாக்கெடுப்பில் ஐரோப்பிய நாடுகளின் கொடிகள் பின்னிய கம்பளிச் சட்டையை அணிந்து, ஐரோப்பாவில் தொடர்ந்திருக்குமாறு கேட்டவரும் அவர்தான். 1988இல் புரூஜ் நகரில் உரையாற்றி, ஐரோப்பாவை வெறுத்த ஒரு தலைமுறைக்கு வேதம் தந்தவரும் அவர்தான்.

கிராண்டமைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரை கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், உருளைக்கிழங்கு, கூடவே பிரசெல்ஸ் ஸ்பிரவுட் என்னும் குட்டிக் கோவா. 2016இன் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் பிரசெல்ஸ் வேண்டாம், ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்று நாட்டிலேயே மிக அதிகமாக, 75.6 சதவீதம் வாக்களித்த ஊரைச் சுற்றி பிரசெல்ஸ் பெயர் தாங்கிய பயிர் செழித்து நிற்பதைப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஊரின் நடுவே புனித பொட்டோல்ஃப் தேவாலயம். 80 மீட்டருக்கு மேல் எழும் அதன் கோபுரத்தை ‘ஸ்டம்ப்’ என்று, அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை என்று, ஊரார் குறைத்துச் சொல்வது ஆங்கிலேய அடக்கத்துக்கு நல்ல சான்று. இங்கே இருபது ஆண்டுகள் போதகராக இருந்த ஜான் காட்டன் 1633இல் தம் மதக் கொள்கைக்காக அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அந்தப் புது ஊருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து, 1930களில், கோபுரம் பழுதானபோது அந்த பாஸ்டன் மக்கள் பணம் அனுப்பி உதவினார்கள். பக்கத்துத் தெருவில் உள்ள பழைய கில்ட்ஹால் கட்டடத்தில் சிறு சிறைக் கூடங்களைக் காட்டுகிறார்கள். 1607இல் அனுமதியின்றி நாட்டை விட்டுக் கடல் வழியாக ஹாலந்துக்குத் தப்ப முயன்ற ஒரு சிறு கூட்டத்தினர், படகோட்டியே காட்டிக் கொடுத்ததால் பிடிபட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். அவர்களிற் சிலர்தான் பின்னர் மேஃபிளவர் கப்பலில் போய் அமெரிக்காவின் ‘யாத்திரைத் தந்தையர்’ ஆனார்கள். கடத்தற்காரருக்குப் பணம் கொடுத்து, ஆவணம் இல்லாமல், இரவில் படகேறியவர்கள் அவர்கள். அந்தக் கூடத்தில் நிற்கையில் எனக்கு வேறு படகுகளும் ஞாபகம் வந்தன. பிரான்சின் கரையிலிருந்து இன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் இரப்பர்ப் படகுகளும்.

2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, வந்து வேலை செய்ய அவற்றின் மக்களை உடனே அனுமதித்த மூன்றே பழைய உறுப்பு நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. அயர்லாந்தும் சுவீடனும் மற்றவை. வயல் வேலைக்குப் போலந்துக்காரரும் லித்துவேனியரும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வாடகை ஏறியது, பள்ளிக்கூடங்கள் நெருங்கின, கோபம் மூண்டது. வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்றும் அவர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், வாக்களித்தது வீண் போகவில்லையா என்று பக்குவமாகக் கேட்டேன். “போலந்துக்காரர் பலர் போய்விட்டார்கள். இப்போது கிர்கிஸ்தானில் இருந்து கொண்டுவருகிறார்கள். கோவா தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாதே” என்றார். அவர் சொன்னது மெய். பருவகால விசாவில் மத்திய ஆசியர் வருகிறார்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகே, 2023 வாக்கில், நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது.

அந்தக் கோபம் இப்போது வேறு திசையில் ஓடுகிறது. 2024 பொதுத் தேர்தலில் இந்தத் தொகுதி குடிவரவை எதிர்க்கும் வலதுசாரி ரிஃபோர்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸுக்குப் போனது. இந்த மே மாதம் லிங்கன்ஷயரின் மேயர் பதவியும் அக்கட்சிக்கே கிடைத்தது. நாட்டின் கருத்துக் கணிப்புகளிலும் அதுவே முன்னால் நிற்கிறது. பிரசெல்ஸ் நமது விவகாரத்தில் தலையிடலாகாது என்று கால் நூற்றாண்டு காலம் முழங்கிய அதன் தலைவர் நைஜல் ஃபராஜ், கடந்த மாதம் வாஷிங்டன் சென்று, அமெரிக்க காங்கிரஸின் குழு ஒன்றின் முன் அமர்ந்து, பிரித்தானியாவில் பேச்சுரிமை பறிபோகிறது என்று முறையிட்டார். பத்து நாள் கழித்து லண்டன் தெருவில் திரண்ட பெருங்கூட்டத்துக்குக் காணொளியில் தோன்றிய ஈலோன் மஸ்க், பிரித்தானியப் பாராளுமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்றார். இறையாண்மை என்ற சொல்லை 2016இல் இந்த ஊரில் வீடு வீடாகக் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் இதைப் பற்றி வாய் திறந்தார்கள் என்று தேடினேன், அதிகம் அகப்படவில்லை.

மூன்றாம் நாள்: 16 அக்டோபர், வியாழக்கிழமை. பிரசெல்ஸ்

செயின்ட் பாங்கிராஸில் பிரெஞ்சு எல்லை அதிகாரி என் கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்ற கணக்கு 2021இல் இருந்து எங்களுக்கும் வந்துவிட்டது. இம்மாதம் 12ஆம் திகதி முதல் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை கட்டங்கட்டமாகத் தொடங்கியிருக்கிறது; ஏப்ரலுக்குள் எல்லோருக்கும் வந்துவிடுமாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆங்கிலேயர், குற்றவாளியைப் போல நடத்துகிறார்கள் என்று முணுமுணுத்தார். இலங்கைக் கடவுச்சீட்டோடு தூதரக வாசல்களில் காத்திருந்த அனுபவம் உள்ள எனக்கு அவர்மீது அனுதாபம் வரத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக.

இரண்டு மணி நேரத்தில் பிரசெல்ஸ். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முன் கொடிக் கம்பங்களை எண்ணிப் பார்த்தேன். 2020 ஜனவரி 31ஆம் திகதி மாலை பிரித்தானியக் கொடி இறக்கப்பட்டது. 73 பிரித்தானிய ஆசனங்களில் சில பிற நாடுகளுக்குப் பங்கிடப்பட்டன, மீதி வெறுமையாகவே விடப்பட்டன. இருந்தாலும் ஐரோப்பாவின் பாதுகாப்பு என்று வந்தால் பிரித்தானியா இல்லாத படமே இல்லை. கடந்த ஆகஸ்டில் உக்ரேன் ஜனாதிபதி செலன்ஸ்கியோடு வெள்ளை மாளிகைக்குப் படையெடுத்த ஐரோப்பியத் தலைவர்களின் வரிசையில், மக்ரோனுக்கும் மெர்ஸுக்கும் மெலோனிக்கும் வொன் டெர் லேயனுக்கும் இணையாகப் பிரித்தானியப் பிரதமர் ஸ்டார்மரும் அமர்ந்திருந்தார். உக்ரேனுக்கான நாடுகளின் கூட்டணியை மார்ச் மாதம் லண்டனில் கூட்டியதும் அவர்தான். ஒன்றியத்தின் 150 பில்லியன் யூரோ ஆயுதக் கடன் நிதியில் பங்கு பெற மட்டும் எவ்வளவு பணம் கட்டுவது என்று இப்போது பேரம் நடக்கிறது. கல்யாண வேலையெல்லாம் செய்துவிட்டு, பந்தியில் அமர நுழைவுச்சீட்டு வாங்கும் நிலை அது. ஆனால் வீட்டை விட்டுத் தானே வெளியேறியவர் அதைக் குறை சொல்லவும் முடியாது.

மாலையில் நகரின் நடுவே ஜோ காக்ஸ் சதுக்கத்தைத் தேடிப் போனேன். பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2016 ஜூன் 16ஆம் திகதி, தம் தொகுதியில் தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்ட பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் அவர். இளமையில் இந்த நகரில் வேலை பார்த்தவர். 2018இல் அவர் பெயரை இங்கே வைத்தார்கள். சிறிய இடம். கடந்த மாதம் அமெரிக்காவில் வலதுசாரிப் பிரசாரகர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி மலிந்த நாட்டில் இப்படித்தான் என்று லண்டனில் என் காதுபடப் பேசியவர்கள் பலர். ஜோ காக்ஸையும் 2021இல் குத்திக் கொல்லப்பட்ட பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமஸையும் அவர்கள் எப்படி மறந்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

நான்காம் நாள்: 17 அக்டோபர், வெள்ளிக்கிழமை. ஸ்ட்ராஸ்பூர்

நேரடித் தொடருந்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரர் பிரெஞ்சுப் பத்திரிகையில் மூழ்கியிருந்தார். பிரதமர் லெகோர்னு மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணை நேற்று 18 வாக்குகளால் தோற்றிருக்கிறது. இம்மாதம் 6ஆம் திகதி பதவி விலகி, நான்கே நாளில் மறுபடியும் அதே பதவிக்கு அமர்த்தப்பட்டவர் அவர். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இது நல்ல வேடிக்கை. 2016 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையில் டவுனிங் வீதியில் புதிதாகக் குடியேறிய பிரதமர்கள் ஐவர், அவர்களில் ஒருவர் இருந்தது 49 நாள் என்பதை அவை அந்தப் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

கிளேபர் சதுக்கத்தில் இறங்கி நின்றேன். 1949 ஆகஸ்ட் 12ஆம் திகதி வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே கூடிய பெருங்கூட்டத்துக்கு பிரெஞ்சு மொழியில் பேசினார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய மன்றம் என்னும் அமைப்பை நிறுவும் ஒப்பந்தம் அதே ஆண்டு மே மாதம் லண்டனில் கையெழுத்தாகியிருந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு சூரிச்சில் ஐரோப்பிய ஐக்கிய நாடுகள் என்ற கனவை முன்வைத்தபோது, பிரித்தானியாவை அவர் அதற்குள் வைக்கவில்லை. அமெரிக்காவோடு சேர்த்து, வெளியே நிற்கும் நண்பனாகவும் ஆதரவாளனாகவும் வைத்தார். ஊருக்கெல்லாம் உறுதி எழுதிக் கொடுக்கும் நொத்தாரிசு, தானும் ஒரு நாள் காணி வாங்க வேண்டி வரும் என்று நினைப்பதில்லை.

அந்த உறுதிகளில் முக்கியமானது இந்த மன்றத்தின் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம். வரைவில் பெரும்பங்கு வகித்தவர்களில் ஒருவர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப். நூரம்பேர்க்கில் நாஜிகளை விசாரித்த பிரித்தானிய வழக்கறிஞர், சர்ச்சிலின் கட்சிக்காரர். 1951 மார்ச்சில் அதை முதலில் உறுதிப்படுத்திய நாடும் பிரித்தானியாவே. இல் என்னும் ஆற்றின் கரையில், கப்பலின் உருளைகள் போல் நிற்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்னும் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்தான். இன்று அதே நாட்டில் ரிஃபோர்ம் கட்சி இந்த ஒப்பந்தத்தைக் கிழிப்போம் என்கிறது. இம்மாதத் தொடக்கத்தில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் கெமி பேடனொக்கும் வெளியேறுவதாக அறிவித்துவிட்டார். ஆளும் தொழிற்கட்சி வெளியேறாது, ஆனால் சில பிரிவுகளின் பொருள்கோடலை மாற்ற வேண்டும் என்கிறது. இராணுவ ஆட்சிக் காலத்துக் கிரேக்கமும், உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்யாவுமே இதுவரை இந்த மன்றத்தை விட்டுப் போன நாடுகள். கிரேக்கம் திரும்பி வந்துவிட்டது.

நீதிமன்ற வாசலில் வெகுநேரம் நின்றேன். இந்த இடத்தோடு எம்மவருக்கு ஒரு பந்தம் உண்டு. 1988 பெப்ரவரியில் பிரித்தானிய உள்துறை அமைச்சு ஐந்து ஈழத் தமிழர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களிற் சிலர் அங்கே துன்புறுத்தலுக்கு உள்ளானார்கள். வழக்கு இங்கே வந்தது. 1991 அக்டோபர் 30ஆம் திகதி வந்த தீர்ப்பு பிரித்தானிய அரசு ஒப்பந்தத்தை மீறவில்லை என்றது. அந்த ஐவரும் லண்டனுக்குத் திரும்ப முடிந்தது பிரித்தானியாவின் சொந்த மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவால். 2008இல் இன்னொரு தமிழரின் வழக்கில், அவரைத் திருப்பி அனுப்பினால் ஒப்பந்தம் மீறப்படும் என்று இதே நீதிமன்றம் தடுத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர், குடியேறிகள் கேட்டதையெல்லாம் கொடுக்கும் நீதிமன்றம் என்று இதைச் சொல்ல மாட்டார். புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தையும் சட்டவிரோதம் என்று கடைசியில் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில் லண்டனில் உள்ள உச்ச நீதிமன்றமே. மேலும், வட அயர்லாந்தின் 1998 சமாதான உடன்படிக்கை இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது; அதன் ஒரு கல்லை உருவினால் எது சரியும் என்று பெல்ஃபாஸ்டில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இரவு விடுதியில் தொலைக்காட்சி. வாஷிங்டனில் செலன்ஸ்கி டிரம்பைச் சந்திக்கிறார். டிரம்ப் நேற்றே புட்டினோடு தொலைபேசியில் பேசி, புடாபெஸ்டில் சந்திப்போம் என்று அறிவித்துவிட்டார். ஐரோப்பாவின் எல்லையைப் பற்றிய பேச்சில் ஐரோப்பா அறைக்கு வெளியே காத்திருக்கிறது. பிரித்தானியாவும் அதே வாங்கில்.

ஐந்தாம் நாள்: 18 அக்டோபர், சனிக்கிழமை. கேல்

ஸ்ட்ராஸ்பூரின் டி வழித்தட டிராம் ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குள் போய்விடும். நான் பாதி தூரத்தில் இறங்கி, நடைபாலத்தில் நடந்தேன். 2009 ஏப்ரலில் நேட்டோவின் 60ஆம் ஆண்டு மாநாட்டுக்கு வந்த ஒபாமாவும் மற்றத் தலைவர்களும் இந்தப் பாலத்தில்தான் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். அன்று அந்தப் படம் ஒரு சடங்குப் படம். அமெரிக்கா வருமா என்று யாரும் கேட்கவில்லை.

பாலத்தின் நடுவில் நின்றபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. அமெரிக்காவெங்கும் இன்று ‘மன்னர்கள் வேண்டாம்’ என்ற பெயரில் ஊர்வலங்கள். லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் நடப்பதற்கு அவள் போகிறாள். மன்னர் உள்ள நாடுகளில் அந்தச் சுலோகம் குழப்பும் என்பதால் ‘கொடுங்கோலர்கள் வேண்டாம்’ என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்களாம். அட்டையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தாள். எனக்கு ரன்னிமீட்டின் ஈரப் புல் ஞாபகம் வந்தது. எதையும் எழுதாமல், அவள் அனுப்பியிருந்த வெள்ளை அட்டையின் படத்துக்கு ஒரு சிரிப்பை மட்டும் அனுப்பினேன்.

கேல் கரையில் இரண்டு காவலர்கள் சிலரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனி கடந்த ஆண்டு செப்டெம்பரில் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது, இன்னும் எடுக்கவில்லை. என் கடவுச்சீட்டை வாங்கிய இளைஞர் முதற் பக்கத்தையும் புரட்டினார். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிக் கடந்து செல்ல விட வேண்டும் என்று மன்னரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகம் அங்கேதான் இருக்கிறது. அதை அவர் படித்ததாகத் தெரியவில்லை. பாங்கிராஸில் குத்திய முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்து, ஜெர்மனியில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒரு மணி நேரம், காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றேன்.